காலிப் பெட்டியும் கொடிவழியும்: பிரான்சிஸ் லைட் குடும்பத்தைத் தேடிப் பார்ப்போம்



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தன்னைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் மாணவர்கள் படிக்கிறார்கள். அப்போது நம்மில் பெரும்பாலோர் கொடுக்கும் நடவடிக்கை குடும்ப மரம். மணிலா அட்டையில் ஒரு மரம், அதில் பெட்டிகள்: நான், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி. படம் ஒட்டி, பெயர் எழுதி, சுவரில் தொங்கவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

ஒருமுறை ஒரு மாணவி அட்டையைக் கொடுக்காமலே இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், அப்பா பெட்டியில என்ன எழுதுறதுன்னு தெரியல. சும்மா விட்டா மார்க் போயிடுமா?" என்றாள். பெட்டியை வரைந்து கொடுத்ததே நான்தான். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. "பரவாயில்லைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலாகாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிறகுதான் கொடிவழி ஆய்வு உண்மையில் எப்படி நடக்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். நமக்குப் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட்டின் குடும்பம்தான் அது. ஜார்ஜ்டவுனில் அவருக்குச் சிலை உண்டு, அவர் பெயரில் சாலை உண்டு. ஆனால் அவருடைய குடும்ப மரத்தை வரைய உட்கார்ந்தால் நம் மாணவிக்கு வந்த அதே சிக்கல் வரும். அந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், வகுப்பில் நாம் என்ன மாற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதல் படி: தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

கொடிவழி தேடும்போது பலரும் செய்யும் தவறு, மேலிருந்து கீழே வருவது. "எங்க பரம்பரை இன்ன ராஜாவிலிருந்து வந்தது" என்று தொடங்கி, அங்கிருந்து நம் வீட்டுக்கு வழி தேடுவது. அப்படித் தேடினால் விரும்பிய பதில் கிடைக்கும், உண்மை கிடைக்காது. உறுதியாகத் தெரிந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சான்று வேண்டும்.

லைட்டைப் பொறுத்தவரை உறுதியான தேதி அவர் இறந்த நாள்: 21 அக்டோபர் 1794. ஜார்ஜ்டவுன் சுல்தான் அகமட் ஷா சாலையில் உள்ள பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். சுற்றுலா போகும்போது மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லலாம். மர நிழலில் அமைதியான இடம்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. அதன் முன்னால் லைட்டுக்கு ஒரு நினைவு மண்டபம் உண்டு. "அவர் இந்தக் கோயிலுக்குத்தான் வந்து கும்பிட்டிருப்பார்" என்று மாணவர்கள் நினைப்பார்கள். தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவாலயம் கட்டி முடிந்தது 1818இல். அப்போது லைட் இறந்து 24 ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைவு மண்டபம் இன்னும் பிந்தியது. குடியேற்றத்தின் நூற்றாண்டையொட்டி 1886இல் எழுப்பினார்கள். ஒரு கல்லில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்தக் கல் அவர் காலத்துச் சான்று ஆகிவிடாது. சான்று எப்போது எழுதப்பட்டது, யார் எழுதியது என்ற இரண்டு கேள்விகளையும் எப்போதும் கேட்க வேண்டும்.

சிலையின் கதை இன்னும் சுவாரசியம். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் லைட்டின் சிலை 1936இல், 150ஆம் ஆண்டு நினைவாகச் செய்யப்பட்டது. ஆனால் லைட் எப்படி இருந்தார் என்று காட்ட ஓர் ஓவியமும் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்துச் செய்துவிட்டார்கள். ஆக, "பிரான்சிஸ் லைட்" என்று நாம் படம் பிடித்துக்கொள்வது மகனின் சாயலில் செய்த முகத்தைத்தான்.

இரண்டாம் படி: ஒரு உயில் ஆயிரம் கதை சொல்லும்

கொடிவழி தேடுவோருக்கு உயில் ஒரு புதையல். பிறப்புப் பதிவு ஒருவரைப் பற்றிச் சொல்லும். உயில் குடும்பத்தையே வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்திவிடும். யாருக்கு என்ன கொடுக்கிறார், யாரை என்ன உறவு சொல்லி அழைக்கிறார், யாரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

லைட் 1794 அக்டோபரில் எழுதிய உயிலில் மார்த்தினா ரோசல்ஸ் என்ற பெண்மணியின் பெயர் வருகிறது. 1772 முதல் தம்மோடு சேர்ந்து வாழ்ந்தவர் என்று அவரைக் குறிப்பிட்டு, 'சஃபோக்' என்ற தம் தோட்டத்தையும், அங்கிருந்த வீட்டையும், மிளகுக் கொடிக்கால்களையும் அவருக்கு விட்டுச் செல்கிறார். சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு நண்பர்களிடம் போகிறது. அவர்களில் ஒருவர் அவருடைய வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்.

இந்த ஒரு தகவலிலிருந்து எவ்வளவு தெரிகிறது பாருங்கள்.

ஒன்று, 1772 என்ற ஆண்டு. லைட் பினாங்கில் காலடி வைத்தது 17 ஜூலை 1786இல். கொடியேற்றித் தீவை எடுத்துக்கொண்டதாக அறிவித்தது 11 ஆகஸ்டு 1786இல். அப்படியானால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இந்த வட்டாரத்தில் குடும்பமாக வாழ்ந்திருக்கிறார். சென்னையிலிருந்து இயங்கிய ஜோர்டெய்ன், சல்லிவன், டி சூசா என்ற வணிக நிறுவனத்துக்காக 1771இல் கெடாவுக்கு வந்து பேச்சு நடத்தியவர் அவர். பிறகு இன்று புக்கெட் எனப்படும் தீவில் இருந்து வணிகம் செய்தார். மலாயும் சயாமியமும் பேசினார். பினாங்குக்கு வரும்போது அவர் இந்த வட்டாரத்துக்குப் புது ஆளே இல்லை.

இரண்டு, "மனைவி" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் "சேர்ந்து வாழ்ந்தவர்" என்று இருக்கிறது. மார்த்தினா கத்தோலிக்கர், ஐரோப்பிய ஆசியக் கலப்புச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகிறார்கள். நம்ம ஊரில் செரானி என்கிறோமே, அந்தச் சமூகம். இருபத்திரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தும், அன்றைய ஆங்கிலேயச் சமூகத்தின் கண்ணில் அது முழுமையான திருமணமாகக் கருதப்படவில்லை.

மூன்று, தோட்டத்தின் பெயர். 'சஃபோக்' என்பது இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தின் பெயர். ஊர் விட்டு ஊர் போனவர்கள் பழைய ஊரின் பெயரைப் புது ஊரில் நட்டுவைப்பார்கள். அதனால் லைட் எங்கிருந்து வந்தார் என்பதற்கு அந்தப் பெயரே ஒரு துப்பு. துப்புதான், சான்று இல்லை. சான்று தேட இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: தேவாலயப் பதிவேடு

இங்கிலாந்தில் பிறப்பு இறப்புகளை அரசாங்கம் பதிய ஆரம்பித்தது 1837இல்தான். அதற்கு முன்னால்? ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று 1538இலேயே ஆணை பிறந்தது. அந்தப் பதிவேடுகள்தாம் ஆங்கிலேயக் குடும்பங்களின் கொடிவழிக்கு முதுகெலும்பு.

ஆனால் கவனம். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. இன்னொரு பொறியும் உண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதி பிறந்தது. பழைய பதிவேட்டில் "பிப்ரவரி 1740" என்று இருந்தால், நம் கணக்கில் அது பிப்ரவரி 1741. இது தெரியாமல் கணக்குப் போட்டால், தாய் இறந்து பல மாதம் கழித்துப் பிள்ளை பிறந்ததுபோல் வந்து நிற்கும்!

லைட்டின் ஞானஸ்நானம் 15 டிசம்பர் 1740இல், சஃபோக் மாவட்டத்து டாலிங்கூ என்ற சிற்றூரில் நடந்தது. டிசம்பர் என்பதால் ஆண்டுக் குழப்பம் இல்லை. தோட்டத்தின் பெயர் கொடுத்த துப்பு இங்கே சான்றோடு வந்து சேர்கிறது.

சரி, பெற்றோர் யார்? தாய் மேரி லைட். தந்தை? இங்கேதான் நம் மாணவியின் பெட்டி வருகிறது. ஆங்கிலேயர் வழக்கப்படி பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயர் வரும். இவருக்கு வந்திருப்பதோ தாயின் குடும்பப் பெயர். பெற்றோர் முறைப்படி மணந்தவர்கள் அல்லர் என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. அவ்வூர் நிலவுடைமையாளர் வில்லியம் நீகஸ் என்பவரைத் தந்தையாக வரலாற்று நூல்கள் பல குறிப்பிடுகின்றன. அவருடைய ஆதரவில்தான் லைட் உட்பிரிட்ஜ் பள்ளியில் படித்து, பிறகு கடற்படையில் சேர்ந்தார்.

கொடிவழி ஆய்வாளர் இதை எப்படி எழுதுவார் தெரியுமா? தாய்க்கு முழுக்கோடு. தந்தைக்குப் புள்ளிக்கோடு. பொய்யான பெயரை எழுதி நிரப்ப மாட்டார். பெட்டியை மறைக்கவும் மாட்டார். புள்ளிக்கோடு என்றால் அவமானம் இல்லை. "இதுவரை நமக்குத் தெரிந்தது இவ்வளவு" என்று அர்த்தம்.

நான்காம் படி: பக்கக் கிளைகளை விடாதீர்கள்

நேர்வழி அடைபட்டால் உடன்பிறந்தார், மருமக்கள் வழியாகச் சுற்றிப் போகலாம். லைட் - மார்த்தினா பிள்ளைகள்: சாரா, வில்லியம், மேரி, ஆன், பிரான்சிஸ் லனூன்.

வில்லியம் பிறந்தது 27 ஏப்ரல் 1786இல், குவாலா கெடாவில். தந்தை பினாங்கில் கொடியேற்றும்போது அவர் மூன்றரை மாதக் குழந்தை. ஆறு வயதில் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தந்தையை விட்டுப் பிரிந்த இரண்டு ஆண்டுகளில் தந்தை இறந்துவிட்டார். சஃபோக்கில் தீபர்ட்டன் என்ற ஊரில் குடும்ப நண்பர் வீட்டில் வளர்ந்து, ஸ்பெயினில் நடந்த போரில் பணியாற்றி, பிறகு தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஆனார். 1836ஆம் ஆண்டின் இறுதியில் அடிலெய்டு நகருக்கு இடம் தேர்ந்தெடுத்து, அடுத்த ஆண்டு தெருக்களை அளந்து திட்டமிட்டவர் இவரே. 6 அக்டோபர் 1839இல் அங்கேயே இறந்தார்.

தம் வீட்டுக்கு வில்லியம் வைத்த பெயர் தான் வளர்ந்த தீபர்ட்டன். அந்தப் பகுதி இன்று தெபார்ட்டன் என்ற புறநகர். நடுவில் ஓர் எழுத்து மாறிவிட்டது, அவ்வளவுதான். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கிறது என்பதற்காக "இது வேற ஆளு, வேற ஊரு" என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம்ம பிறப்புப் பத்திரங்களில் 'முனியாண்டி' எத்தனை விதமாக ரோமன் எழுத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். குவாலா கெடாவில் பிறந்த ஒருவர் ஆஸ்திரேலியாவில் ஒரு நகரைத் திட்டமிட்டார் என்பதால்தான் ஜார்ஜ்டவுனும் அடிலெய்டும் 1973 முதல் சகோதர நகரங்களாக இருக்கின்றன.

மூத்த மகள் சாராவின் கிளை தமிழர்களாகிய நம்மை நேராகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறது. சாரா மணந்தது ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரியை. பெயர் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? மருது சகோதரர்களைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெல்ஷ் சென்னைப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குச் சொல்லிக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் அவரே நன்றியோடு எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் 1801இல் மருதுவுக்கு எதிரான போரில் கம்பெனிப் பக்கம் நின்று சண்டையிட்டார். மருது சகோதரர்கள் 24 அக்டோபர் 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பினாங்கு லைட்டின் மருமகனும் சிவகங்கைச் சின்ன மருதுவும் ஒரே கதைக்குள் இருக்கிறார்கள். பக்கக் கிளையைத் தேடாமல் விட்டிருந்தால் இது நமக்குத் தெரியவந்திருக்காது.

ஐந்தாம் படி: ஆட்சி மாறினால் ஆவணமும் இடம் மாறும்

ஒரு குடும்பத்தின் ஆவணத்தை எங்கே தேடுவது என்பது, அந்தக் காலத்தில் அந்த ஊர் யாருக்குக் கணக்குக் காட்டியது என்பதைப் பொறுத்தது. பினாங்கைப் பொறுத்தவரை இந்த வரிசையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1786 முதல் 1805 வரை: வங்காளத்தின் கீழ். எனவே கல்கத்தா வழியாகப் போன கடிதங்கள்.
1805 முதல்: தனி மாகாணம்.
1826 முதல்: சிங்கப்பூர், மலாக்காவோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள்.
1867 முதல்: இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேரடி ஆட்சி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இன்று இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கம்பெனி ஆட்சிப் பகுதிகளில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களும் அங்கே உண்டு. 1867க்குப் பிந்தியவை கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் பழைய பதிவுகள் இருக்கின்றன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் களஞ்சியத்தில் பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸையும் தமிழ் முரசையும் வீட்டிலிருந்தே தேடிப் படிக்கலாம்.

யாருடைய பெயர் இருக்கிறது, யாருடையது இல்லை?

இங்கே மாணவர்களிடம் ஒரு கேள்வி வைக்க வேண்டும். லைட் குடும்பத்தை இவ்வளவு தூரம் தேட முடிவது ஏன்? எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால். எழுதி வைக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருந்தது, அதனால்.

லைட் இறந்த அதே 1794இல் கம்பெனிக்கு எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஆயிரம் பேர் அளவில் இங்கே இருப்பதாகச் சொல்கிறார். கடைக்காரர்களும் கூலிகளுமாக ஆயிரம் பேர். எண்ணிக்கைதான் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இல்லை. நாம் பார்த்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். கல்வெட்டில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. தீவும் ஆளில்லாத தீவு அல்ல. அது கெடா சுல்தானுடையது. பாதுகாப்புக்குப் படை உதவி கிடைக்கும் என்று நம்பித்தான் சுல்தான் அப்துல்லா இடம் கொடுத்தார். கம்பெனி உதவவில்லை. 1791இல் தீவை மீட்க முயன்று தோற்றார்.

அதனால், ஆவணம் இல்லாத குடும்பம் வரலாறு இல்லாத குடும்பம் ஆகிவிடாது. "நாங்க சாதாரண தோட்டத்து ஜனங்க, எங்களுக்கு என்ன வரலாறு?" என்று கேட்கும் பெற்றோரிடமும் இதைச் சொல்லலாம். நம் குடும்பங்களுக்கும் ஆவணங்கள் உண்டு, வேறு வடிவில்: தாத்தாவின் பழைய கடப்பிதழ், ரஜூலா கப்பல் பயணச்சீட்டு, தோட்டத்துச் செக்ரோல், 1948க்குப் பிறகு வந்த அடையாள அட்டை, சிவப்பு அடையாள அட்டையோடு குடியுரிமைக்காக நடந்த கடிதங்கள், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 'அ/லெ', 'அ/பெ' என்று தந்தை பெயரும் சேர்ந்து வருவதால் ஒவ்வொரு பிறப்புப் பத்திரமும் இரண்டு தலைமுறையைச் சேர்த்துச் சொல்கிறது. அதுவே சங்கிலி.

வகுப்பில் செய்து பாருங்கள்

1. முதலில் லைட்டின் குடும்ப மரத்தை வெண்பலகையில் வரையுங்கள். சான்று உள்ள உறவுக்கு முழுக்கோடு, சொல்லக் கேட்ட உறவுக்குப் புள்ளிக்கோடு. தந்தை பெட்டியை என்ன செய்யலாம் என்று மாணவர்களையே கேளுங்கள்.

2. பிறகு அவர்கள் மரம். பெட்டிகளை நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம். வெறும் தாள் போதும். யாரிடமிருந்து தொடங்குவது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். பாட்டியோ, பெரியம்மாவோ, வளர்த்தவரோ, யாராக இருந்தாலும் சரி.

3. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி. "பாட்டி சொன்னாங்க" என்பதும் செல்லும். யார், எப்போது சொன்னார் என்று குறிக்க வேண்டும்.

4. மதிப்பெண் பெட்டிகளின் எண்ணிக்கைக்கு இல்லை. சான்றைச் சரியாகக் குறித்ததற்குத்தான்.

5. சுவரில் தொங்கவிடுவதற்கு முன் மாணவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

இப்படி மாற்றிய பிறகு நான் நடத்திய முதல் பாடத்தில், வெண்பலகையில் லைட்டின் தந்தை பெட்டிக்குப் புள்ளிக்கோடு போட்டேன். பின்வரிசையில் ஒரு பையன், "அப்போ டீச்சர், சிலை வச்சவருக்கே தெரியலையா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "முழுசாத் தெரியலைப்பா. அதனால அவரோட வரலாறு நின்னு போச்சா?" என்றேன். "இல்ல டீச்சர்" என்றார்கள்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை அடுத்து வருகிறவர்களுக்காவது நாம் சொல்லிவிடுவோம்.